கூனித்தீவில் பயம் இல்லை

செவ்வாய், பிற்பகல் 2.40
இடம்: கூனித்தீவு படகுத்துறை, விருந்தினர் மிதவை மேடை. காற்று தென்மேற்கு, மிதம். நீர் வெப்பம் 31. அடிமணல் தெளிவாகத் தெரிகிறது.

ஆய்வாளர்: முனைவர் வைரவநாதன், கடல் விலங்கு நரம்பியல். இந்தத் துறைக்குக் கொடுத்திருக்கும் நட்பு விலங்கு வாழிடச் சான்றைப் புதுப்பிக்கலாமா என்று பார்த்து அறிக்கை தருவது பணி. ஞாயிறு வரும் சுற்றுலாப் படகில் திரும்ப வேண்டும். அதற்கு முன் இங்கே படகு வராது.

பவளத் திட்டு மூன்று பக்கமும் அணைபோல வளைந்து நிற்கிறது. கிழக்கில் மட்டும் ஒரு வாய். வெளியே எவ்வளவு அலை அடித்தாலும் உள்ளே குளத்து நீர்தான். உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நான் வந்து இறங்கிய சற்று நேரத்தில் ஒரு ஆவுளியா, கடல்பசு என்றும் சொல்வார்கள், மேடை விளிம்பில் மூஞ்சியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. ஓங்கில் ஒன்று, டால்பின்தான், தன் குட்டியைச் சுற்றுலாப் பெண்களிடம் விட்டுவிட்டு அப்பால் போனது. அந்தப் பெண்கள் ஆனந்தத்தில் அழுதார்கள். இதற்காகத்தான் உலகம் இங்கே வருகிறது.

துறையின் இயக்குநர் மகுடபதி. பின்னால் யாரும் பக்கச்சார்பு என்று சொல்லாமல் இருக்க இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆவுளியாக்களைப் பற்றி அவனும் நானும் சேர்ந்து ஒன்பது வருடம் ஆராய்ந்தோம். கட்டுரை வெளியானபோது என் பெயர் நன்றிப் பட்டியலில், படகோட்டிக்கும் சமையல்காரருக்கும் நடுவில் இருந்தது. அதைக்கூட விட்டிருப்பேன். என் மனைவி புனிதவல்லி இறந்தபோது இரண்டு தெரு தள்ளியிருந்தவன் துக்கத்துக்கு வரவில்லை. எதிரி வீட்டுச் சாவானாலும் போய் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். அவன் கையாள்கிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அதனால் குடிநீர் கேன்கள், அவல், ரொட்டி, டின் மீன் எல்லாம் கரையிலிருந்தே கொண்டுவந்திருக்கிறேன்.

துறைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில், பிலோமி என்ற பெண்:
"சார், டைரக்டர் சாப்பாடு ரெடின்னு சொல்லச் சொன்னாரு. நண்டு வறுவல். ஓவர்."
நான்: "சாப்பிட்டுவிட்டேன்."
"எங்க சார் சாப்ட்டீங்க, நடுக்கடல்லயா? ஓவர்."

டின் மீனைத் திறந்தேன்.

புதன், காலை 10.15
அச்சத் துலங்கல் சோதனை. மேடைக்கு அடியில் நீருக்குள் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்தேன். எந்தக் கடலிலும் ஓங்கில் கூட்டம் இந்த ஓசைக்குச் சிதறி ஓடும். இங்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவுளியாவின் தோலில் இதயமானியை ஒட்டிவிட்டு மறுபடி அடித்தேன். துடிப்பு மாறவில்லை. சுறாவின் உருவில் செய்த கறுப்புப் பலகையை மேலே இழுத்துப் போனேன். அது என் பலகையை முகர்ந்து பார்த்தது.

காது கேட்காமல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகின்றன.

மயக்கமருந்து கலக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மகுடபதி மாட்டினான் என்று மகிழ்ந்தேன்.

பிறகு கரையில் நடந்தேன். மணலில் நண்டுகள். கிட்டே போனால் நண்டு வளைக்குள் ஓட வேண்டும். ஓடவில்லை. ஒன்றின் மேல் என் நிழல் விழுந்தது, செருப்பு நுனி பட்டது, அப்படியே நின்றது. ரொட்டியைப் பிரித்தபோது ஒரு காகம் முழங்காலில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்தே எடுத்துத் தின்றது. ஐம்பத்திரண்டு வயதில் எத்தனையோ முறை காகத்துக்குச் சோறு வைத்திருக்கிறேன். கை வீசினால் பறக்காத காகத்தை நான் பார்த்ததே இல்லை.

நண்டுக்கும் காகத்துக்கும் யார் மருந்து கொடுப்பார்கள்?

புதன், மாலை 5.30
திட்டின் வாயருகே ஓங்கில் குட்டியின் உடல் ஒதுங்கியது. நேற்று அந்தப் பெண்கள் கொஞ்சிய குட்டி. முதுகிலிருந்த வெட்டுத் தழும்பை வைத்து அடையாளம் கண்டேன். பாதி உடல் இல்லை. கடித்த வளைவைப் பார்த்தால் புலிச்சுறா, பெரியது.

தலை முழுதாகக் கிடைத்ததால் மூளையைத் திறந்து, அச்சத்தை உணரும் பகுதியிலிருந்து ஒரு சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். உமி போன்ற கூடுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் ஓர் உயிர். மூளையின் மற்ற பகுதிகளில் ஒன்றுகூட இல்லை.

இதைக் கண்டெடுப்பவர் என் துறையைச் சேர்ந்தவராக இல்லாமல் இருக்கலாம், ஆகவே எளிதாகச் சொல்கிறேன். எலியின் மூளையில் புகுந்து அதற்குப் பூனை மேலிருக்கும் பயத்தை அழிக்கும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. பயம் போன எலியைப் பூனை தின்னும். பூனையின் குடலில்தான் அந்த ஒட்டுண்ணி இனம் பெருக்க முடியும்; முட்டைகள் அதன் கழிவோடு வெளியேறி நீரில் கலக்கும். இங்கே இருப்பது அதன் கடல் உறவு. ஆவுளியாக்களும் ஓங்கில்களும் எலிகள். பூனைகளை இப்போது மேடையிலிருந்தே பார்க்கிறேன். நீர் இறங்கும் நேரம், வாய்க்கு வெளியே நாலைந்து சுறாத் துடுப்புகள் அவசரமில்லாமல் சுற்றுகின்றன. உள்ளேயிருந்து ஒரு ஆவுளியா இறங்கும் நீரோடு அவற்றை நோக்கி மிதந்து போகிறது. திரும்பவில்லை.

நட்பு என்று நாம் பெயர் வைத்தது இரையாகும் தயார்நிலைக்கு.

வியாழன், காலை 9.00
சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகி ஆறு மாதமாகிறதாம். தீவே கிணற்று நீரைத்தான் குடிக்கிறது. கிணறு நீர்விளிம்பிலிருந்து கல்லெறி தூரம். ஊறுவது இந்த நீர்தான்.

இன்று மனிதர்களைக் கவனித்தேன். பிலோமி பாய்மரத்தின் உச்சிக்கு இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறி, ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு விளக்கு மாட்டினாள். படகு ஆடியது. அவள் சிரித்தாள். கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர்கூட "ஏய், பாத்து" என்று கத்தவில்லை. அந்தக் கத்தலுக்காகக் காத்து நின்றேன்.

காலை 11 மணிக்கு மகுடபதி வாக்கிடாக்கியில் வந்தான். அப்படியே எழுதுகிறேன்:
"வைரவா, நான்தான்டா. புனிதா செத்தப்ப நான் வந்தேன். உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். எல்லார் முன்னாடியும் நீ என்னைய என்ன கேப்பியோன்னு பயந்து அப்படியே திரும்பிட்டேன். கட்டுரையில உன் பேரை எடுத்ததும் பயத்துலதான். இப்ப அந்தப் பயமே இல்ல எனக்கு. மன்னிச்சிருடா. வா, ஒரு டம்ளர் காப்பியாவது குடி. ஓவர்."

இந்தச் சொற்களுக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். இவை அவனுடையவையா, அவன் மண்டைக்குள் சுருண்டு கிடப்பதனுடையவையா? கேட்டுக்கொண்டே நின்றேன். காப்பி வேண்டாம் என்றேன்.

இந்தத் தீவில் இன்னும் பயப்படுகிற உயிர் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் என் படிப்பு அல்ல. என் பகை.

வியாழன், பிற்பகல் 1.20
இங்கே கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. வானொலியில் கரை நிலையத்தைப் பிடித்தேன். பணியில் சகாயம்.

"கூனித்தீவில் நோய்த்தொற்று. தண்ணீரில் பரவுகிறது. ஞாயிறு படகை நிறுத்துங்கள். ஒருவரும் இங்கே வரக் கூடாது."
"யாருக்கு சார் காய்ச்சல்? எத்தனை பேர் படுத்திருக்காங்க? ஓவர்."
"யாரும் படுக்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதுதான் நோய்."
"சார், தப்பா நினைக்காதீங்க. போன வருஷமும் இந்தத் துறைய மூடச் சொல்லி நீங்க மூணு மனு போட்டீங்க. மகுடபதி சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். ஓவர்."

மகுடபதியிடம் கேட்டிருக்கிறார். அவன் "ஒரு பயமும் இல்ல, வாங்க" என்றிருக்கிறான்.

ஞாயிறு படகில் என் மகள் நிறைமதி வருகிறாள், ஐந்து வயதுக் குழந்தை தூயாவையும் அழைத்துக்கொண்டு. என்னையும் மகுடபதியையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும் என்பது அவள் வெகுநாள் பிடிவாதம். நிலையத்தின் வழியாக அவளை இணைக்கச் சொன்னேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களாப்பா? அங்க போயாவது ஒரு வாரம் நிம்மதியா இருக்கக் கூடாதா? பாப்பா கடல்பசுவ தொடணும்னு நாள எண்ணிட்டிருக்கா."
"தொடக் கூடாது. நீ வராதே. அப்பா சொல்வதை இந்த ஒரு முறை..."
"மகுடபதி மாமா மேல இருக்கற கோவத்தை எங்க மேல காட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை பாப்போம்."

என்னைக் காத்த பகைதான் என் சொல்லை யாரும் நம்பவிடாமல் செய்கிறது.

வெள்ளி, காலை 7.30
விசைப்படகில் கொண்டுபோய்க் கரையில் விடும்படி ஒவ்வொரு படகாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். எதுக்கு சார் போகணும், இங்கேயே இருங்க. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. சாவியும் யாரும் தரவில்லை.

அறைக்குத் திரும்பி மடமடவென்று தண்ணீர் குடித்தேன். கேனை மூடும்போதுதான் அதில் இன்னும் பாதிக்கு மேல் இருப்பது தெரிந்தது. நேற்று முன்தினமே அது அடிமட்டத்துக்கு வந்திருந்ததே.

வாக்கிடாக்கியில் கேட்டேன். பிலோமி:
"நாந்தான் சார் ரொப்பி வச்சேன். புதன்கெழமை சாயங்காலம் நீங்க அந்த மீன் தலைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்கல்ல, அப்ப ரூம் கூட்ட வந்தேன். ரெண்டு கேனு காலியா கெடந்துச்சு. பாவம், மனுசன் தண்ணிக்கு என்ன பண்ணுவாருன்னு. தேங்க்ஸ்லாம் வேணாம் சார். ஓவர்."

புதன் மாலை. நேற்று முழுவதும் குடித்திருக்கிறேன். நேற்று அவல் ஊறவைத்ததும் அதில்தான்.

வாந்தியெடுத்தேன். பயனில்லை என்று தெரியும்.

வெள்ளி, காலை 8.10
இனி நானே சோதனை விலங்கு. இதயமானியை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். முறை: மேடை விளிம்பில் நின்று, வாய்க்கு வெளியே சுற்றும் துடுப்புகளைப் பார்த்தபடி கையை நீருக்கு ஒரு சாண் மேலே நீட்டுவது. துடிப்பு 131. உள்ளங்கை வியர்க்கிறது. மூச்சு முட்டுகிறது.

நல்லது. இந்த நடுக்கம் இருக்கும்வரை நான் நானாக இருப்பேன். இதைப் படிப்பவரே, உங்கள் நடுக்கத்தைப் பார்த்து வெட்கப்படாதீர்கள்.

வெள்ளி, பிற்பகல் 3.50
மகுடபதி இறந்துவிட்டான்.

மூன்று மணிக்கு நீர் இறங்கத் தொடங்கியது. சட்டையைக் கழற்றி மடித்து மேடையில் வைத்துவிட்டு ஆவுளியாக்களோடு நீருக்குள் இறங்கினான். நான் கத்தினேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் மல்லாந்து நீந்தியபடி எனக்குக் கையசைத்தான். வாயைத் தாண்டியதும் ஒரு துடுப்பு திரும்பியது. அவன் அதைப் பார்த்தான். அதற்கும் கையை நீட்டினான், நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல.

அலறல் இல்லை. கடைசிவரை இல்லை.

மேடையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். சமையல்காரர், "டைரக்டர் நல்லாத்தான் நீந்துறாரு" என்றார். பிறகு கலைந்து வேலைக்குப் போனார்கள்.

கை நீட்டிப் பார்த்தேன். துடிப்பு 109. ஒருவனைச் சுறா கிழித்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் 109.

வெள்ளி, மாலை 4.30
கரைக்குச் சொன்னேன். சுறா அடித்து மகுடபதி இறந்தான், என் கண் முன்னால். இந்த முறை சகாயம் எதிர்க் கேள்வி கேட்கவில்லை.

"ஆண்டவரே. ஞாயிறு படகு ரத்து சார். இப்பவே அறிவிக்கிறேன். சுற்றுலாக்காரன் ஒருத்தனும் வரமாட்டான். ஓவர்."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவனுக்காகவா, படகு நின்றதற்காகவா, தெரியவில்லை. என் பேத்தி இந்த நீரைத் தொட மாட்டாள். அவனுடைய சாவு அதைச் செய்துவிட்டது.

வெள்ளி, மாலை 6.05
நிலையத்தின் வழியாக நிறைமதி:

"அப்பா, சகாயம் அண்ணன் சொன்னாரு. மகுடபதி மாமா வீட்லதான், சௌந்தரம் அத்தைகூட இருக்கேன். அத்தைய தாங்கிப் பிடிக்க முடியல. அவங்க அண்ணன் தம்பிங்க, நான், எல்லாரும் காலையில வல்லத்துல கெளம்புறோம். கடலோரமாவே காரியத்தை முடிச்சிடலாம்னு பேசிட்டாங்க."
"வராதே. உடம்பே கிடைக்கவில்லை. வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?"
"துக்கத்துக்கு வராதேன்னு நீங்களாப்பா சொல்றீங்க?"

ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றினேன்.

"எதிரி வீட்டுச் சாவுன்னாலும் போய் நிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே. அவரு அம்மா சாவுக்கு வரலங்கறதுக்காகப் பதினோரு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. நானும் அதையே பண்ணவா?"
"குழந்தையையாவது விட்டுவிட்டு வா."
"யாருகிட்ட விடறது? எல்லாருமே வராங்க. வச்சிடறேன்பா. அத்தை கூப்பிடறாங்க."

சுற்றுலாக்காரர்களை மரணம் நிறுத்தும். நம்மவர்களை அதுதான் கிளப்பும். இதை நான் எப்படி மறந்தேன்?

துக்கத்துக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கரையில் நின்று அழுவார்கள். காரியம் முடிந்ததும் ஒருவர் விடாமல் கடலில் இறங்கித் தலைமுழுகுவார்கள். குழந்தைக்கும் மூக்கைப் பிடித்து ஒரு முழுக்குப் போடுவார்கள். அதன்பின் கிணற்று நீரில் வாய் கொப்பளிப்பார்கள். இழவு கேட்டுக் குளிக்காமல் நிறைமதி ஒரு படி ஏற மாட்டாள். புனிதாவின் வளர்ப்பு.

சகாயத்தைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். "துக்கத்துக்குப் போறவங்கள நான் எப்படி சார் மறிக்கிறது?" என்றார்.

துடிப்பு 96.

சனி, காலை 6.20
செய்ய வேண்டியவை, மறக்காமல் இருப்பதற்காக. ஒன்று, வாயருகே பாறையில் பழைய டயர்களை எரித்துப் புகை எழுப்ப வேண்டும். புகையைக் கண்டால் அவர்கள் வரும் வல்லம் திரும்பிவிடக்கூடும். இரண்டு, தீக்குச்சி நனையக் கூடாது. மூன்று, தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது. எதற்காகவும்.

மகுடபதியை நினைத்துப் பார்த்தேன். நன்றிப் பட்டியல். தெருமுனையிலிருந்து திரும்பிப் போனது. வழக்கமாக நெஞ்சில் ஒரு காந்தல் எழும். பதினோரு வருடமாக என் நெருப்பு அது. இன்று ஊதிப் பார்க்கிறேன், சாம்பல்தான் பறக்கிறது. பாவம், பயந்தவன். அவ்வளவுதானே அவன் செய்தது.

இல்லை. இப்படி எழுதக் கூடாது. அவன் துரோகி. அவன் துரோகி. அவன்

கை நீட்டினேன். 81.

சனி, காலை 8.45
டயர்களைப் பாறைவரை உருட்டி வந்துவிட்டேன். வழியில் முழங்காலளவு நீரைக் கடக்க வேண்டியிருந்தது. கடந்த பிறகுதான் மூன்றாவது விதி நினைவுக்கு வந்தது. பரவாயில்லை.

தீக்குச்சி நனைந்துவிட்டது. திரும்பிப் போய் வேறு எடுத்துவர வேண்டும். சற்று உட்கார்ந்திருக்கிறேன். ஆவுளியா ஒன்று காலருகே வந்து படுத்திருக்கிறது. அதன் முதுகு பாசி படிந்த படிக்கட்டு போல வழுவழுப்பாக இருக்கிறது.

நிறை, இதை நீ படித்தால், வராதே. ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது அதை வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரி. அறிவுக்குத் தெரிகிறது. நெஞ்சுதான் அடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. என்னை யாராவது பயமுறுத்துங்கள்.

70.

சனி, காலை 9.30, குரல் பதிவு
வல்லம் தெரிகிறது. முன்னால் சௌந்தரம் உட்கார்ந்திருக்கிறாள், தலைவிரிகோலமாக. அழாதே அம்மா, அழ இங்கே ஒன்றும் இல்லை. பாப்பா எழுந்து நின்று கையை ஆட்டுகிறாள்.

துடிப்பு 62. மானியைக் கழற்றிவிட்டேன், ஈரத்தில் உறுத்துகிறது. தண்ணீர் இடுப்புவரை, வெதுவெதுப்பாக இருக்கிறது. நீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கால் தானாக வாயை நோக்கி நகர்கிறது, யாரோ கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போவது போல. நின்றால் நிற்கலாம். நிற்பானேன்?

"சார், மேடைக்கு வரச் சொல்லவா, அங்கயே எறக்கிக்கிறீங்களா? ஓவர்."

இங்கேயே இறக்கிக்கொள்கிறேன் பிலோமி. இங்கே ஆழமில்லை.

இன்ஜினை அணையுங்கள். அப்படித்தான். நிறை, பையை அப்புறம் எடுக்கலாம். முதலில் குழந்தையை என் கையில் கொடு.